உப்பில்லாத பத்து நாள்

என் கணவருக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால், பின்னால் அவர் செய்த காரியத்தின் மதிப்பு யாருக்கும் புரியாது.

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறிதான். எங்களுக்கு நான்கு தறி. அவர் தறி ஓட்டுவார், நான் பாவு பிணைப்பேன். தறியில் நெடுக்கே ஓடும் நூல்தான் பாவு; அது தீர்ந்துவிட்டால், பழைய நூல் முனை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் முனையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் நூல். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எங்கள் தெருவில் என்னைவிட வேகமாகப் பிணைக்க ஆள் கிடையாது. அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. தலைதான் சில வருடம் கேட்கவில்லை. எனக்கு இருப்பது இருமுனைக் கோளாறு. ஒரு முனையில் உலகமே என் கையில் இருக்கும்; மறு முனையில் ஒரு தம்ளரைத் தூக்கக்கூடக் கை வராது. திருப்பதியில் ஒரு டாக்டரம்மா லித்தியம் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டேன், நன்றாக ஆனேன். நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு மாத்திரை என்று நானே நிறுத்தினேன். அடுத்த சில வாரத்தில் தூக்கம் போனது. ஒரு நாள் காலை ரயிலேறி ரேணிகுண்டாவில் இறங்கி, சாயங்காலம் வரை பிளாட்பாரத்தில் நின்று பயணிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். “கடப்பாவுக்கா? இதுல ஏறு! சென்னைக்கா? அந்தப் பக்கம் போ!” பாதிப் பேரையாவது சரியான வண்டியில்தான் ஏற்றியிருப்பேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். தேடி வந்த என் கணவரை மும்பை வண்டியில் ஏற்றப் பார்த்தது மட்டும் என் தப்பு.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். யாரும் பாவு பிணைக்கக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். திரும்பவும் அதே மாத்திரைதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. இரண்டு வருடம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஒரு நாள் பக்கத்துத் தறிக்காரர் வாசலில் வந்து நின்று, “பாவு தீந்துபோச்சு, வர்றியாமா?” என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. கணவரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இவ்வளவு நல்லது செய்த முருகனுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? எங்கள் பக்கத்தில் உப்பில்லா விரதம் உண்டு. ஒரு கிருத்திகையில் ஆரம்பித்து அடுத்த கிருத்திகை வரை இருபத்தேழு நாள் உப்பைத் தொடக் கூடாது. ஆடிக் கிருத்திகையில் திருத்தணி மலையேறி முடிக்க வேண்டும். நான் வேண்டிக்கொண்டேன். உப்பில்லாத ரசம் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வெந்நீரில் கோபத்தைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும். பக்தியோடு குடித்தேன். தறிக் கொட்டகைச் சூட்டில் வேர்த்து ஊற்றியது, இருந்த உப்பும் அந்த வழியாகப் போனது.

எட்டாம் நாள் விரல் நடுங்கியது. ஒன்பதாம் நாள் நான்கு நூலில் மூன்று அறுந்தது. பத்தாம் நாள் காலை வயிறு கலங்கியது, வாந்தி வந்தது, எழுந்து நடந்தால் கால் பின்னியது. என் கை போய்விட்டது என்று உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டிலிருந்து என் நாத்தனார் வந்தாள்.

“அண்ணி, இந்த மாத்திரதான் கைய நடுங்க வெக்குது. தூக்கிக் கடாசு. நீதான் நல்லா கீறியே இப்போ!”

எனக்கும் அதே நினைப்புதான். கை இல்லாமல் எனக்குத் தலை மட்டும் எதற்கு? மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடைப் பக்கம் போனேன். கணவர் குறுக்கே வந்து நின்றார்.

“ரேணிகுண்டாவ மறந்துட்டியா? நிறுத்துறதுன்னா மேடம் நிறுத்தட்டும். நீயும் நிறுத்தாத, அவளும் நிறுத்த வேணாம். கெளம்பு.”

தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினார். புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ். வழியெல்லாம் என் கையை அவர் கைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா என் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ரத்தத்தில் மாத்திரையின் அளவைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். பிறகு, சாப்பாட்டிலோ வேறு எதிலோ ஏதாவது மாற்றம் உண்டா என்று தெலுங்கில் கேட்டார்: “ஏமைனா மார்ப்பு உந்தா?”

“ஏமி லேது மேடம்,” என்றோம் இருவரும் ஒரே குரலில். ஒன்றும் இல்லையாம்! சத்தியமாகப் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. உடம்பு டாக்டரின் கணக்கு, வேண்டுதல் சாமியின் கணக்கு. அங்கே நடப்பதை இங்கே சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்ட ஒரு நர்ஸ் தம்ளரில் மோர் கொண்டுவந்து, “மஜ்ஜிக தாகம்மா” என்றாள், மோர் குடி என்று. எவ்வளவு சோர்ந்திருந்தாலும் விரதம் விரதம்தானே? உப்பு இல்லாதது இருக்கிறதா என்று கேட்டேன்: “உப்பு லேனிதி உந்தா?”

“எந்துகு?” என்றாள். எதற்காம்.

“விரதம்.”

“என்னி ரோஜுலு?” எத்தனை நாளாக?

“பதி.” பத்து.

மோர்த் தம்ளரை என் கையில் திணித்துவிட்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த நிமிடம் டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார். கோபம் வந்தால் அவர் தமிழுக்கு மாறிவிடுவார், எங்களுக்கு ஒரு சொல்கூடத் தப்பிவிடக் கூடாது என்று.

“ஏம்மா, இந்த மாத்திரை சாப்பிடறவங்க உப்பை நிறுத்தலாமா? உடம்புல உப்பு கொறைஞ்சா, கிட்னி இந்த மாத்திரையை வெளியே விடாம புடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துல ஏறிக்கினே போகும். அதான் இந்த நடுக்கம், வாந்தி எல்லாம். மாத்திரை அதே மாத்திரைதான், நீங்கதான் மாத்திட்டீங்க. நான் கேட்டேனா இல்லியா?”

கேட்டார்தான். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றும் சொன்னார்.

இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்து, மாத்திரையை அவர்களே நிறுத்தி, கையில் ஊசி குத்தி ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், இந்த பாட்டில்ல இன்னா கீது?”

“உப்புத் தண்ணி.”

“முருகா!” என்றார். பத்து நாள் வாயால் தொடாத உப்பு, மொத்தமாக நரம்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. தலையைத் திருப்பிக் கொடுத்த சாமிக்கு இருபத்தேழு நாள் ஒழுங்காக இருக்க முடியவில்லையே!

“இன்னாமே அழுவுற?” என்றார். “மீதி பதினேழு நாளு நா இருக்குறேன்.”

“நீங்களா? ஊறுகா இல்லாமயா?”

“முருகன்கிட்ட நா பேசிக்கிறேன். நீ உப்பு துன்னு, மாத்திரை துன்னு. அதான் ஒன் விரதம்.”

மறுபடி ரத்தம் பார்த்து, அளவு இறங்கியபின் டாக்டரம்மா மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து எங்களை அனுப்பினார். வழக்கமான உப்பு, நிறையத் தண்ணீர், எதை மாற்றினாலும் தன்னிடம் சொல்ல வேண்டும். வேண்டுதலையும் சேர்த்துத்தான் என்று விரலை ஆட்டிச் சொன்னார். சில நாளில் நடுக்கம் நின்றது. பக்கத்துத் தறிக்காரரின் பாவில் உட்கார்ந்து நூறு நூல் பிணைத்தேன், ஒன்றுகூட அறவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மாத்திர துன்னுக்கினுதான் கீறேன், பாத்துக்கோ!” என்றேன். “சரி அண்ணி, நா ஒண்ணும் சொல்லல” என்று போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்தது தனிக் கூத்து. நான் எல்லாவற்றையும் உப்பில்லாமல் சமைத்து, அவர் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் உப்புப் போடுவேன். மனிதர் சாப்பிடும்போது ஊறுகாய் ஜாடி இருக்கும் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அவர் விரதத்தின் பதினைந்தாம் நாள், “மோந்து பாக்கலாமா?” என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று கூட்டத்தோடு கூட்டமாக அரோகரா போட்டு மலையேறினோம். முருகனிடம் என்ன பேசினார் என்று கேட்டேன், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவசர அவசரமாகச் சமைத்து இலை போட்டேன். ஊறுகாய் ஜாடியை அவரே எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் ஒரு வாய் வைத்தார். நானும் வைத்தேன். உப்பே இல்லை! பழக்க தோஷத்தில் அப்படியே சமைத்து, கடைசியில் போடவும் மறந்துபோயிருந்தேன்.

“ஐயோ, இன்னிக்கிப் போயி மறந்துட்டேனே!” என்று எழுந்தேன்.

“உக்காரு” என்றார். உப்பு ஜாடியை இழுத்து மூடியைத் திறந்தார். பதினேழு நாள் காத்திருந்த மனிதர், தன் இலையில்தான் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். என் இலைப் பக்கம் கையை நீட்டி, சாம்பாரைச் சுற்றிப் பதமாகத் தூவினார்.

“மொதல்ல நீ,” என்றார்.

நான் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஊறுகாய் ஜாடியைத் திறந்தார்.