அரை லிட்டர் மண்ணெண்ணெய்

சிதம்பரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் டீ குடிக்கிறேன். எதிர் வீட்டு வாசலில் காஸ் வண்டிக்காரர் குரல் கொடுக்கிறார்.

"சிலிண்டர் எறக்கட்டுமாம்மா?"

"இப்ப வேணாம் மாமா, அடுத்த மாசம் பாக்கலாம்," என்கிறாள் வீட்டுக்காரி. உள்ளே விறகுப் புகை.

வண்டிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்கிறார். முன்பு இதே தெருவில் மண்ணெண்ணெய் விற்றவராம். சின்ன வயதில் எங்கள் தெருவிலும் மண்ணெண்ணெய் வண்டி வரும். மணிச் சத்தம் கேட்டதும் அம்மா புனலைத் தேடுவாள்.

"மொத சிலிண்டர கவர்மெண்ட்டு சும்மா குடுத்துது. அதக் காட்டி ரேஷன் மண்ணெண்ணெய நிறுத்திட்டாங்க. அப்பல்லாம் கைல காசு இல்லன்னா அரை லிட்டர் ஊத்திட்டுப் போவேன். இந்த சிலிண்டர எப்பிடி சார் பாதியாக் குடுக்குறது?"

புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிர் வீட்டுப் பெண் வெளியே வருகிறாள். அவர் தலை குனிந்துகொள்கிறார்.