வெள்ளைத்தாளில் அம்மாவின் கையெழுத்து

அம்மா முதியோர் கல்வி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட வருஷம், நான் திண்டிவனத்தில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அடியில் கையெழுத்து மட்டும் உள்ள வெள்ளைத்தாளை யாராவது நீட்டுவார்கள். "மேல அடிச்சிடும்மா" என்பார் முதலாளி. கையெழுத்து எங்கே இருக்கிறதோ அதற்குத் தக்கபடி வரிகளை நெருக்கியோ தளர்த்தியோ அடித்துக் கொடுப்பேன். அதைப் போட்டவருக்கு மேலே என்ன வரப்போகிறதென்று தெரியுமா, யார் கண்டது?

ஒரு சாயங்காலம் வீடு திரும்பினால் அம்மா முகமெல்லாம் சிரிப்பு. வாத்தியார் கொடுத்த தாள்களில் பழகினாளாம். கையெழுத்தை அடியில்தான் போடவேண்டும் என்று அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, தாளுக்கு ஒன்றாக, அடியில் மட்டும் போட்டிருக்கிறாள்.

"எங்கம்மா அதெல்லாம்?"

"ஒங்க சித்தப்பா வந்தாருடி. நல்லா கீது அண்ணின்னு மெச்சிக்கினு, எல்லாத்தையும் எடுத்துக்கினு போனாரு."

அப்பா போனபின் எங்களுக்கு மிச்சம் அம்மா பேரில் வேர்க்கடலை விளையும் நிலம், எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொல்லை, ஒன்றுதான். சித்தப்பாவுக்கு அதன்மேல் ஒரு கண். விற்க அம்மா ஒப்புக்கொண்டதாக மேலே நாலு வரி அடித்தால் போதும்.

"வெறும் தாள்ல யாராச்சும் கையெழுத்து போடுவாங்களா?" என்று கத்தினேன். அன்று இரண்டு பேருக்குமே சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் போய்க் கேட்டேன். "அதையா? பசங்க கிழிச்சி வெளாடிச்சிங்க" என்றார் சித்தப்பா, மாட்டைத் தடவிக்கொண்டே. பாவி மனுஷன், முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

முதலாளியிடம் போய் அழுதேன்.

"பேஜாராப் போச்சே! ஏம்மா, இதுவரைக்கும் ஒங்கம்மா எல்லாத்திலயும் கைநாட்டுதானே? விழுப்புரம் கோர்ட்டுக்கே இழுத்தாலும், அவங்களுக்குக் கையெழுத்தே தெரியாதுன்னு சொல்லிக்கலாம். இனிமே எங்கயும் போட வேணாம்னு சொல்லு."

சொன்னேன். அம்மா வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வக்கீல் நோட்டீஸோ என்று வாசலுக்கு ஓடுவேன். எதுவும் வரவில்லை. வராததால் பயமும் போகவில்லை.

சில வருஷம் கழித்து, கொல்லையை என் பேருக்கு எழுதிவைக்கப் பதிவு அலுவலகம் போனோம். அம்மா கட்டைவிரலை நீட்டினாள். அதில் மை தடவிய குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டைப் அடிக்கிற பொண்ணு நீ. பெத்தவளுக்கு ஒரு கையெழுத்து கத்துக்குடுக்கக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அது எவ்ளோவோ சொல்லிக் குடுத்துச்சிங்க. எனக்குத்தான் மண்டையில ஏறல."