கண்ணுசாமி பார்த்துச் சொன்ன இரண்டு வண்டிகள்

நீடாமங்கலம் பக்கம் பழைய கார் வாங்குகிற யாரும் கண்ணுசாமியைக் கூட்டிக்கொண்டு போகாமல் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது ஆள். பட்டறையை மூடி வருஷக்கணக்காகிறது. இப்போது அவர் வேலையெல்லாம் பிறர் வாங்கப்போகிற வண்டியைப் பார்த்து "வாங்கலாம்", "வேணாம்" என்று சொல்வதுதான். இஞ்சினைக்கூட அப்புறம்தான் பார்ப்பார். முதலில் கதவைத் திறந்து, குனிந்து மோந்து பார்ப்பார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுப்பார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எத்தனை தரம் கழுவினாலும், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டில் தண்ணீர் நின்ற கோடு இருந்தே தீரும். "ஆளுக்கு என்ன மூக்குடா!" என்று ஊரே மெச்சும். அந்த மூக்கு எங்கே பழகியது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. மழை பெய்தால் மனிதர் எந்தக் காரிலும் ஏறமாட்டார். பஸ் என்றால் கடைசி சீட்டுக்குப் போய், முன் கண்ணாடி கண்ணில் படாதபடி தலையைக் குனிந்துகொள்வார். கண்ணாடியில் வைப்பர் ஆடுவதை அவரால் பார்க்க முடியாது.

காரணம் இருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்துபோனபோது, நாகப்பட்டினத்தில் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார் கண்ணுசாமி. அலையில் புரண்டு கருவேல முள்ளுக்குள் கிடந்த ஒரு வெள்ளைக் காரை யாரோ பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். அதற்குள்ளிருந்து இரண்டு பேரை எடுத்தார்கள் என்று பேச்சு. கண்ணுசாமி அதை மூன்று வாரம் கழுவினார். ஏசி துவாரத்தைக் கழற்றினால் உள்ளே நெத்திலி மீன் காய்ந்து கிடந்தது! சீட் துணி மாற்றினார், பெல்ட் நாலையும் மாற்றினார், அடியில் ஓடும் குழாய்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். சாவி போட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. கடலையே ஜெயித்துவிட்டதாக ஒரு திமிர் அன்றைக்கு அவருக்கு.

அந்த நேரம் பார்த்து, அவருடைய உயிர்ச் சினேகிதன் துரைராசு வாடகைக்கு ஓட்ட ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தான். அலையில் போன வண்டி என்றால் அப்போது டெல்டாவில் ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. செத்தவர்கள் கூடவே வருவார்கள் என்று பயம். துரைராசுவின் பெண்டாட்டி அம்சத்தின் காதில் அது விழுந்தால் பிள்ளையை அதில் ஏற்றவே விடமாட்டாள். கண்ணுசாமிக்கோ பேய் பிசாசில் நம்பிக்கையே கிடையாது. மூடநம்பிக்கைக்குப் பயந்து நல்ல வண்டியை விடுவானேன் என்று நினைத்தார்.

"திருச்சி டாக்டர் வண்டிடா மாப்ள. மழையே படாத வண்டி" என்றார்.

பேயை மறைக்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். மறைத்தது உப்பை. அது குழாய்க்கு மேலே, பெயின்டுக்கு அடியில், சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

வண்டி வந்த அன்று துரைராசு ஏழு வயது மகன் பரிதியின் தலையில் கைவைத்து, இனி சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அதற்கு முன்னால் நன்றாகக் குடிக்கிறவன்தான். பத்தாவது மாதம், கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம், டீக்கடையில் கண்ணுசாமியோடு நின்று டீ குடித்தான். "பிரேக்கு கொஞ்சம் உள்ள போவுதுடா, பாரேன்" என்றான். சொட்டச் சொட்ட மழை. யார் அடியில் படுத்துப் பார்ப்பது? "காலையில கொண்டு வாடா" என்றார் கண்ணுசாமி. அரை மணி நேரத்தில் அந்த வண்டி வெண்ணாற்றங்கரை வளைவில் திரும்பாமல் நேரே ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.

கிரேன் வைத்து இழுத்தபோது அவர் கரையில் நின்றார். தண்ணீர் வடிய வடிய மேலே வந்த வண்டியில் வைப்பர் இரண்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. துரைராசுவின் உடலைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் போன பிறகு, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் தரை வரைக்கும் போனது. படுத்துப் பிரேக் எண்ணெய் போகும் குழாயைத் தடவினார். ஒரு இடத்தில் அப்பளமாக நொறுங்கியது. விரலில் ஒட்டிய துருவை லுங்கியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஊர் அன்று ராத்திரிக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான், வேறென்ன? அம்சமும் நம்பினாள். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை மீறினவன் என்று புருஷன் படத்துக்கு ஒரு மாலை போட்டதில்லை அவள். கண்ணுசாமி பக்கத்திலேயே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் எந்தக் கார்க் கதவைத் திறந்தாலும் முதலில் அவர் மூக்கில் ஏறுவது கடல்தான். அது நிஜமாகவே வண்டியில் இருக்கிறதா, தன் மண்டைக்குள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் பெல்ட்டை இழுத்தார்.

போன ஐப்பசியில் ஒரு காலை பரிதி வாசலில் வந்து நின்றான். இருபத்தாறு வயது, துபாயில் நல்ல வேலை. அப்பனுடைய தோள், அப்பனுடைய சிரிப்பு. போனை நீட்டினான்.

"பாருங்க மாமா. இத்தாலி வண்டி. ரெண்டே கதவு. தஞ்சாவூர் பைபாஸ்ல ஒருத்தருகிட்ட விலைக்கு நிக்குது. அப்பாவுக்கு வண்டி பாத்துக் குடுத்தது நீங்கதான்னு அம்மா சொல்லும். எனக்கும் நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? கண்ணுசாமி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடேயப்பா, வண்டி என்றால் வண்டி! கருநீலம். நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஊர் வண்டிகளுக்கு நடுவே அதைப் பார்த்தால் மாப்பிள்ளை வழிதவறி வந்துவிட்டார் என்றே தோன்றும். விற்கிறவர் புகழேந்தி, நல்ல பேச்சுக்காரர்.

"ரெண்டாயிரத்துப் பதிமூணு மாடல் சார். ஒரே ஓனர், சென்னை வண்டி. ஷெட்டை விட்டு வெளியவே எடுக்கல. மழையே படாத வண்டிங்க."

அதே வார்த்தை. பத்தொன்பது வருஷம் கழித்து வேறொருவர் வாயிலிருந்து கண்ணுசாமியின் பொய் திரும்பி வந்து நின்றது.

கதவைத் திறந்து குனிந்தார். மேலே தோல் பாலிஷ் வாசனை. அதற்கடியில் வழக்கமான கடல். அதை நம்பவேண்டாம் என்று பெல்ட்டை இழுத்தார். ஒரு கோடு இல்லை, ஒரு கறை இல்லை. கடையில் இப்போதுதான் வாங்கியது கணக்காக இருந்தது. டார்ச்சை அடித்து, பெல்ட்டின் அடிநுனியில் தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் படித்தார். செய்த மாதம்: 2016 பிப்ரவரி. அந்தப் பக்கத்துப் பெல்ட்டிலும் அதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை எப்படிக் கிடந்தது என்று அவருக்குத் தெரியும். படுத்து அடியில் பார்த்தார். குழாய்களுக்குக் கறுப்புப் பெயின்ட், அக்கறையாக, ஒழுகாமல் அடித்திருந்தது. தன் கைவேலையையே பார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவு பதவிசாக அடிக்கிறவன் எதை மறைக்க அடிப்பான் என்று அவருக்குத் தெரியாதா?

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். உண்மையைச் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது. அதில் ஒன்றைத்தான் முதலில் பிடித்தார், கோழை மனிதர்.

"தம்பி, இது நம்ம ரோட்டுக்கு ஆவாதுப்பா. தரைக்கும் வண்டிக்கும் நாலு விரக்கடை. அறுப்பு நேரத்துல ரோடு பூரா நெல்லு காயும். ஸ்பீடு பிரேக்கர்ல வயித்தக் கிழிச்சுக்கும். ஒரு கண்ணாடி உடைஞ்சா இத்தாலியிலேருந்து வர ஆறு மாசம் ஆவும்."

பரிதி சிரித்தான். "அதெல்லாம் தெரியாமலா மாமா? லாப நஷ்டம் பாத்து யாராவது இத வாங்குவாங்களா? பள்ளிக்கூடத்துல என்னைக் குடிகாரன் மவன்னுதான் கூப்புட்டானுங்க. இன்னிக்கும் ஊர்ல அப்படித்தான் அடையாளம் சொல்றாங்க. அம்மாவப் பக்கத்துல உக்காரவச்சு, வெண்ணாத்து வளைவுல ஒரே ஒரு தடவ இத ஓட்டிக்கிட்டுப் போவணும். ஊரு பாக்கணும். அவ்வளவுதான் ஆசை."

அந்த வளைவு. அம்சத்தை வைத்துக்கொண்டு.

"பெல்ட்டு மாத்தியிருக்காங்க" என்றார் கண்ணுசாமி ஒருவழியாக.

"அதனால என்ன சார்?" என்றார் புகழேந்தி. "துணி நைஞ்சிருக்கும், மாத்தியிருப்பாங்க. வாங்கின மாதிரியே நிக்க வச்சிருக்கேன், எனக்கென்ன தெரியும்? இஞ்சின் சத்தத்தக் கேளுங்க, அப்புறம் பேசுங்க." உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டு, இறங்கி வந்து பெருமையாக நின்றார். நல்ல சத்தம்தான். பரிதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். மேலே ஒரு தூறல் விழுந்தது.

உள்ளே ஆள் இல்லை. சீட் காலி. வைப்பர் இரண்டும் மெல்ல எழுந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு, படுத்து, மறுபடி எழுந்தன.

"யாரு போட்டா அத?" கண்ணுசாமியின் குரல் அவருக்கே வேறாகக் கேட்டது. "யாருய்யா போட்டா?"

"யாரும் போடல சார். மழை பட்டா அதுவா போட்டுக்கும். ஆட்டோமேட்டிக்."

கண்ணுசாமி ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பரிதி ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"மூழ்குன வண்டிடா இது. வாங்காத."

"எப்படி மாமா சொல்றீங்க? பெல்ட்டு மாத்துனதுக்கா?"

"நானும் இப்படித்தான் பண்ணுனேன். பெல்ட்டு மாத்தி, குழாய்க்குப் பெயின்ட் அடிச்சு, மழையே படாத வண்டின்னு சொல்லி உங்கப்பனுக்குக் குடுத்தேன். அது அலையில போன வண்டிடா பரிதி. உப்பு பிரேக்கத் தின்னுடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் என்கூட நின்னு டீ குடிச்சான். பிரேக்கப் பாருடான்னு கேட்டான். காலையில வான்னேன்."

பரிதி திட்டுவான், அடிப்பான் என்று கண்ணுசாமி காத்திருந்தார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா குடிக்கலயா?"

"சொட்டு தொடலடா."

வண்டியைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே இல்லை. புகழேந்தி இஞ்சினை அணைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பரிதி பைக்கை எடுத்தான். "ஏறுங்க. அம்மாகிட்ட வந்து சொல்லுங்க" என்றான். மாமா என்ற வார்த்தை அதில் இல்லை. முப்பது கிலோமீட்டரும் தூறலிலேயே போனார்கள்.

அம்சம் வாசலில் கிடந்த விறகை நனையாமல் உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, வண்டி நல்லாருக்கா?" என்றாள். நின்ற வாக்கிலேயே கண்ணுசாமி எல்லாவற்றையும் சொன்னார். நெத்திலி மீனைக்கூட விடவில்லை. அவள் கையில் இருந்த விறகைக் கீழே வைக்கவே இல்லை. சொல்லி முடித்து, காலில் விழப்போனவரை அவள் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்த படத்தை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

"சொல்லிட்டுத்தானே போன" என்றாள் படத்திடம். "தொடமாட்டேன்னு சொல்லிட்டுத்தானே போன. நாந்தான்யா நம்பல. பத்தொன்பது வருசம் ஒனக்கு ஒரு பூ வைக்கலியே நான்." அப்படியே தரையில் சரிந்து, படத்தை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பரிதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கண்ணுசாமி வாசற்படியிலேயே நின்றார். உள்ளே போக அவருக்கு இனி உரிமையில்லை.

வெகுநேரம் கழித்து அம்சம் தலையைத் தூக்கினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எங்கிட்ட அழுது ஒண்ணும் ஆவப்போறதில்ல. இந்தத் தெருவுல முப்பத்திரண்டு வீடு இருக்கு. ஒரு வீடு விடாம ஏறி, அவரு குடிக்கலன்னு சொல்லிட்டு வாங்க. எதனால செத்தாருன்னும் சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்த வாசலுக்கு வராதீங்க."

கண்ணுசாமி படியிறங்கினார். மழை இப்போது வலுத்திருந்தது, குடை இல்லை. அந்தத் தெருவில் அவரைத் தெரியாத வீடு கிடையாது. ஏழெட்டு வீட்டு வாசலில் அவர் பார்த்துச் சொன்ன வண்டிகள்தான் நின்றன. முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த பெண் அவர் நனைந்திருந்த கோலத்தைப் பார்த்துப் பதறினாள்.

"அய்யய்யோ, என்னண்ணே இது? உள்ள வாங்க. பரிதிக்கு வண்டி பாக்கப் போனீங்களாமே, பாத்தாச்சா?"

"இருக்கட்டும்மா, இங்கயே நிக்கிறேன்" என்றார் கண்ணுசாமி. "நான் துரைராசுக்குப் பாத்துக் குடுத்த வண்டியப் பத்திச் சொல்ல வந்தேன்."