சொட்டாத வால்வு

விமானத்துக்கு எரிபொருள் நிரப்புகிறவன் பெயரை யாரும் கேட்பதில்லை. விமானம் தாமதமானால் மட்டும் உடனே கேட்பார்கள். மாமனார் வீட்டில் தன் தொழிலை விளக்கித் தோற்ற அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும்.

ரேஷன் கடை

குளிர் நாட்டு விமான நிலையம் ஒன்றில் வேலை கிடைத்ததும், ஆரணியில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கும் மாமனாரிடம் சொல்லப் போனேன். விமானத்துக்கு என்ன ஊற்றுவீர்கள் என்று கேட்டார். ஒருவகையில் சுத்தமான மண்ணெண்ணெய்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சேலை மடிப்பதைக்கூட அவர் நிறுத்தவில்லை.

"மண்ணெண்ண ஊத்தவா மாப்ள அம்மாந்தூரம் போறீங்க? நம்ம ரேஷன் கடையில சொன்னா வேல போட்டுக் குடுப்பாங்களே."

ஒன்றும் வரவில்லை

அங்கே மைனஸ் முப்பது டிகிரி சாதாரணம். அந்தக் குளிரில் எரிபொருள் உறையாது. அதில் கலந்திருக்கும் கொஞ்சம் தண்ணீர் உறைந்துவிடும். அந்த ஐஸ் வடிகட்டியை அடைத்தால் நடுவானில் இன்ஜினுக்கு எண்ணெய் போகாது. அதனால் கிளம்புமுன் இறக்கைக்கு அடியிலுள்ள வால்வைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவோம்.

என் வேலை இன்னும் நிரந்தரமாகாத சமயம். ஒருநாள் காலை வால்வைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீர் இல்லை, கையெழுத்துப் போடு என்றார் ஷிப்ட் அதிகாரி, சென்னைக்காரர்.

"தண்ணி இல்லன்னா எண்ணெயாவது வந்திருக்கணும் சார். உள்ள ஐஸ் அடைச்சிகினு கீது" என்றேன்.

பயணிகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, நிறுத்துறேன். சூடு பண்ணியும் ஒண்ணும் வரலன்னா, நீ ஊருக்குக் கிளம்பிடு."

சூடான காற்று

இறக்கைக்குக் கீழே சூடான காற்றைச் செலுத்தினோம். விமானி ஒரு பெண்மணி. இறங்கி வந்து கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றார். நான் ஜாடியை வால்வுக்கு அடியில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வால்வு ஒருமுறை விக்கியது. பிறகு கண்ணாடி ஜாடிக்குள் கடகடவென்று கொட்டியது. மேலே எண்ணெய், அடியில் நான்கு விரற்கடை தண்ணீர். வெறும் எண்ணெய் வரும்வரை வடித்தோம். விமானி ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதிகாரி மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஊருக்கு நான்தான் போவணும்போல. நீ இருப்பா."

முகூர்த்தச் சேலை

இப்போது ஆரணிக்கே திரும்பிவிட்டேன். கண்ணமங்கலத்திலிருந்து முகூர்த்தச் சேலை எடுக்க வந்த ஒருவர், உங்க மாப்பிள்ளை அங்கே என்ன வேலை செய்தார் என்று மாமனாரிடம் கேட்டார். மண்ணெண்ணெய் வரப்போகிறது என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மாமனார் சேலை மடிப்பதை நிறுத்தினார்.

"ப்ளேனயே நிறுத்தினவருங்க. பைலட்டம்மா பனியில நின்னு வேடிக்க பாத்துகினு இருந்தாங்களாம்."

வருஷக்கணக்காக எத்தனையோ விமானங்களை நேரத்துக்கு அனுப்பிவைத்தேன், எனக்கு மாப்பிள்ளை மரியாதை வாங்கித் தந்ததென்னவோ தாமதமாக்கிய அந்த ஒன்றுதான்.