ஜமீலா அக்காவின் நாலு பல் பூண்டு

செய்தி வந்தபோது கிளமெண்டியிலிருந்து பூன் லே வரும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடிப் பொதுத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஜமீலா அக்காவின் மகள் ரெஹானா எழுதியிருந்தாள். அம்மா காலையில் மவுத்தாகிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இரண்டு தடவை படித்தேன். எனக்குள் முதலில் எழுந்தது அழுகை இல்லை. ‘இனிமேல் இவரை முந்தவே முடியாது’ என்ற நினைப்புதான். எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் முதலில் வந்தது. அழுகை ஜூரோங் ஈஸ்ட் தாண்டிய பிறகு வந்தது.

சென்ற வாரம் தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே கூடி அவரைப் பற்றிப் பேசினோம். அவருடைய கத்திரிக்காயைச் சொன்னீர்கள், கறிவேப்பிலைக் கன்றுகளைச் சொன்னீர்கள், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் இஞ்சி கொடுத்தனுப்பியதைச் சொன்னீர்கள். பூண்டைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இறந்தவரைப் பற்றி எதற்குப் பழைய கதை என்று நாகரிகமாக விட்டுவிட்டீர்கள். அந்தப் பழைய கதைக்குக் காரணம் நான். அன்று எழுந்து நின்று இரண்டு வரி பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது லிட்டில் இந்தியா ஈரச்சந்தையில், அவருடைய கடையில். வெங்காயம், இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய், அவ்வளவுதான் விற்பார். நான் அப்போது பள்ளிக்கூட அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். பூண்டின் மேல் எனக்குப் பைத்தியம். எந்த ஊர்ப் பூண்டுக்கு எத்தனை பல், எதற்கு எவ்வளவு காரம் என்று ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தேன். அந்த மிதப்பில், கொடைக்கானல் மலைப் பூண்டு இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றார். ரசத்துக்கு என்றேன். “ரசத்துக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய பல்லு? நாட்டுப் பூண்ட தோலோட தட்டிப் போடுங்க. மலைப் பூண்டு போட்டா ரசம் உங்கள அதட்டும்” என்று சொல்லி, நான் கேட்காத பூண்டைப் பையில் போட்டார். எனக்கு ஒருவர் அப்படிச் செய்தால் பிடிக்காது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். அவர் சொன்னதுதான் சரி. என் பொறாமைக்குப் பிறந்தநாள் அன்றைக்குத்தான்.

பிறகு அடிக்கடி போனேன். நாங்கள் ஏறத்தாழ ஒரே வயதுதான், அவருக்கு இரண்டு வயது கூட. ஆகவே அவர் எனக்கு அக்கா ஆனார், நான் அவருக்கு வெறும் விஜயா ஆனேன். ஒருநாள் கூட்டமில்லாத நேரம் பார்த்து, கண்ணை மூடச் சொல்லி நாலு வகைப் பூண்டை நகத்தால் கீறி மூக்கருகே காட்டினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. சீனப் பூண்டில் தண்ணீர் வாசனைதான் முன்னால் வரும், வதக்கினால் இனிக்கும் என்றார். நாட்டுப் பூண்டு நேரே மூக்கில் ஏறும், ஆனால் அந்தப் பொடிப் பல்லை உரிப்பதற்குள் நகம் போய்விடும். மலைப் பூண்டு எண்ணெய்ப் பசையோடு நாக்கிலேயே நிற்கும், காற்றாடத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. ஒற்றைப் பூண்டு சாதுபோல இருந்துவிட்டுத் தொண்டையில் இறங்கியதும் கடிக்கும். இதையெல்லாம் கண்ணை மூடியபடியே, இன்னொருவருக்கு இஞ்சி எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். என் நோட்டுப் புத்தகம் கைப்பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

அவர் கடையில்தான் அந்தச் சங்கதியும் தெரிந்தது. கொடைக்கானல் மலையில் பயிரிடும் பூண்டில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றுக்கு மேட்டுப்பாளையம் என்று பெயர். மற்றொன்றுக்குச் சிங்கப்பூர் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று மூட்டை அனுப்புகிறவருக்கும் தெரியாதாம். தோலில் சிவப்போடிய அந்தப் பல்லை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, “நம்ம பேர வச்சுக்கிட்டு மலையில போயி உக்காந்திருக்கு. இங்க வரச் சொன்னா மட்டும் வெளைய மாட்டேங்குது லா” என்றார். அவர் சிரிப்பதற்காகச் சொன்னது. நான் அதை வைராக்கியமாக எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர்ப் பூண்டை நம் தோட்டத்து மண்ணில் விளைய வைக்க வேண்டும், அதுவும் நான்தான் முதலில்.

தோட்டத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் பூண்டை நட்டால் இலை வரும், அடியில் ஒன்றும் இருக்காது. நட்ட பல் குளிரைப் பார்த்திருந்தால்தான் அது பல் பல்லாகப் பிரியும். இங்கே குளிருக்கு எங்கே போவது? நாலு தடவை நட்டேன், நாலு தடவையும் இலையைப் பறித்து முட்டையில் போட்டுப் பொரித்தோம். ஆனாலும் தோட்டத்தில் பூண்டு என்றால் விஜயா என்று ஒரு பெயர் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஜமீலா அக்காவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, கடையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். என் புளோக், ஐந்தாம் மாடி. குலுக்கலில் தோட்டத்திலும் என் பக்கத்துப் பாத்தியே அவருக்கு விழுந்தது. காலை வெயில் நன்றாக விழும் பாத்தி, நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவரும் பூண்டு நட்டார். காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் ஏழு வாரம் வைத்திருந்து நட்டாராம். அதை அவர் மறைக்கவே இல்லை, கேட்ட எல்லாருக்கும் சொன்னார். தோட்டத் தலைவர் லிம் கேட்டபோது பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினார். நான் இரண்டடி தள்ளிக் களை பிடுங்குவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ் என்பது காதில் விழுந்தது, எத்தனை வாரம் என்பது விழவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கிற ஆளா நான்?

நானும் சிங்கப்பூர்ப் பூண்டு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். பதினெட்டாம் நாள் வீட்டுக்குள் நுழையும்போதே பூண்டுக் குழம்பு மணத்தது. என் கணவர் எனக்கென்று பெரிய பல்லாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். கோபத்தோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மறுபடி வாங்கி வைத்ததை மூன்றே வாரத்தில் எடுத்து நட்டுவிட்டேன், ஏனென்றால் பக்கத்துப் பாத்தியில் அக்காவின் செடிகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. மழை விழாமல் மேலே பிளாஸ்டிக் விரிப்புக் கட்டியிருந்தார். அடியிலைகள் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தினார். நான் என் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். என் அக்கறையை எல்லாரும் புகழ்ந்தீர்கள். அக்கறை இல்லை, அவசரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உங்களில் பலர் இருந்தீர்கள். அக்காவின் பாத்தியில் ஏழு செடிகள். ஒன்றைப் பழைய கரண்டியால் சுற்றிலும் தளர்த்தி, மெதுவாக மேலே எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு. மேலே பாதி காய்ந்த இலை, சிவப்போடிய தோல், அதற்குள் நாலு பல் புடைத்துக்கொண்டு தெரிந்தன. கைதட்டினீர்கள், படம் எடுத்தீர்கள். அவர் அதை முதலில் என் கையில் வைத்தார். “விஜயா, நீ பாத்துச் சொல்லு. ஒனக்குத்தான் தெரியும்” என்றார்.

திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளை வேர்கள் விரல் நீளத்துக்கு ஈரமாகத் தொங்கின, மண் துகள்கள் ஒட்டியிருந்தன. கடைப் பூண்டில் வேரை மழித்துத்தான் அனுப்புவார்கள், அடியில் காய்ந்த கட்டைதான் இருக்கும். மழித்த பூண்டைப் புதைத்துவைத்தால் இலை இப்படி நிற்காது, வேர் இப்படிப் பிடிக்காது, பல் இப்படிப் புதிதாகப் பளபளக்காது. முப்பது வருடம் ஆய்வகத்தில் இருந்தவளுக்கு ஒரு பார்வை போதும். நல்லா இருக்கு என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அக்கா சிரித்துவிட்டார். “பூண்டு தின்னதையும் பொறாமைப்படறதையும் மறைக்க முடியாது விஜயா” என்றார். செல்லமாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு முகம் எரிந்தது.

மேலே போகும்போது லிஃப்டில் நம் தோட்டத்துக்காரர் ஒருவர் கேட்டார், இந்த வெக்கையில் உண்மையிலேயே பூண்டு விளையுமா என்று. நான் சொன்னேன், “அவங்க பூண்டுக் கடை வச்சிருந்தவங்க. ஒண்ண பொதச்சு எடுக்கறது என்ன பெரிய விஷயமா?” அவ்வளவுதான். பன்னிரண்டாம் மாடி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் குழுவில் அக்காவின் படத்துக்குக் கீழே ஒருவர் கண்ணடிக்கும் முகம் போட்டார். இன்னொருவர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். நீங்கள் நம்பியதில் தப்பில்லை. சொன்னது விஜயா, பூண்டைப் பற்றி விஜயாவுக்குத் தெரியாதா? யாராவது அந்தப் பூண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் அக்கா அதைத் தோண்டிய ஞாயிறு மாலையே நாலு பல்லையும் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார், அவை குழம்புக்குப் போய்விட்டன.

மிச்சம் ஆறு செடி மண்ணில் இருந்தன. எல்லார் முன்னாலும் அதில் ஒன்றை எடுத்துக் காட்டியிருந்தால் என் பேச்சு தவிடுபொடியாகியிருக்கும். நான் அதற்காகப் பயந்துகொண்டே காத்திருந்தேன். குழுவில் பேச்சு வந்ததற்கு மறுநாள் காலை, தோட்டத்துக்கு யாரும் வருவதற்கு முன் அவர் ஆறையும் பிடுங்கி எடுத்துப் போய்விட்டார். அந்த இடத்தில் சீனர்கள் சமைக்கும் குச்சாய்க் கீரை நட்டார். அதன் பிறகு அவர் பூண்டு நடவே இல்லை. பார்த்தீர்களா, மாட்டிக்கொண்டதும் நிறுத்திவிட்டார் என்று பேச்சு உறுதிப்பட்டது. நானும் தலையை ஆட்டினேன்.

அந்த வருட அறுவடைக் கண்காட்சியில் என் பூண்டு நடு மேசையில் இருந்தது. ஒற்றைப் பல், கோலிக்குண்டு அளவு. குளிர் போதாத பூண்டு பிரியாமல் அப்படித்தான் ஒரே உருண்டையாக நிற்கும், அதாவது அது என் அவசரத்தின் விளைச்சல். அட்டையில் நம் தோட்டத்தின் முதல் பூண்டு என்று எழுதியிருந்தார்கள். ஜமீலா அக்கா வந்தார், எடுத்து முகர்ந்தார், வாசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கினோம். பெருநாளுக்கு அவர் பிரியாணி வரும், தீபாவளிக்கு என் முறுக்கு போகும். மூன்று தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஒரு தடவை மழை வந்தது. மற்ற இரண்டு தடவையும் மழை வரவில்லை, நானே எழுந்து போய்விட்டேன்.

நம் கூட்டம் முடிந்த மறுநாள் ஐந்தாம் மாடிக்குப் போனேன். ரெஹானா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயை நிறுத்தவில்லை.

“அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும் ஆன்டி” என்றாள்.

தெரிந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘விஜயா கையில வாங்கி வேரப் பாத்தா. அது நெஜம்னு அவளுக்குத் தெரியும். அவ ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும்’னாங்க.”

அப்படியானால் மற்ற ஆறையும் ஏன் பிடுங்கினார் என்று கேட்டேன். அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லார் முன்னாலயும் எடுத்தா உங்க மூஞ்சிய எங்க வச்சுக்குவீங்கன்னு கேட்டாங்க. ஆறும் நாங்கதான் சாப்பிட்டோம். நல்லா காரமா இருந்துச்சு.”

லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறியே பன்னிரண்டாம் மாடிக்குப் போனேன்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், பொறாமையைத்தான். பூண்டின் மேல் இருந்த பொறாமை இல்லை, அது செத்துவிட்டது. ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று, பொய் சொன்னவளுக்குப் பக்கத்திலேயே இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாரே, அந்த மனசின் மேல் வந்த பொறாமை. அந்த மனசு எனக்கு இந்த ஜென்மத்தில் வாய்க்காது. ஒருத்திக்குத் தெரிந்தால் எனக்குப் போதாது, உங்கள் எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். ஆகவே கேளுங்கள். நம் தோட்டத்தில் முதலில் பூண்டு விளைய வைத்தவர் ஜமீலா அக்கா. அதற்கு நாலு பல் இருந்தது. அடியில் வேர் இருந்தது. நான் பார்த்தேன்.