கோடு இருக்கிறதா, இல்லையா

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பிரேக் மேடம் என்பார்கள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் எப்போதும் அதன்மேல்தான். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, படத்தில் எவனாவது கண்மண் தெரியாமல் கார் ஓட்டினால் அவள் கால் தரையை அழுத்தும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் காரால் ஒரு சைக்கிளுக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை.

நான் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்குகிறவன். சுவரிலிருந்து பெயர்த்த துணுக்கு ஒன்றைக் கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்பார்கள். கலந்து கொடுப்பேன். வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், அவர் டீ ஆறிப்போகும். மெஷின் வந்த பிறகும் கடைசிச் சொட்டு என் கண்ணைக் கேட்டுத்தான் விழுகிறது. அந்தக் கண்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த ஒரு வாரம் மட்டும் அது மங்கிப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மனைவிக்கு ஒரு சித்தி. சித்தி என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். என் மாமியாரின் கடைசித் தங்கை, என் மனைவியைவிடச் சில மாதம் சின்னவள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். ஆனாலும் "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று பள்ளிக்கூடத்திலேயே தன்னைச் சித்தி என்று கூப்பிட வைத்த புண்ணியவதி. என் மனைவியும் கூப்பிட்டாள், பழிக்குப் பழியாக ஒரு "டி"யையும் சேர்த்துக்கொண்டாள். "சித்தி, சும்மா இருடி" என்று அவள் ஃபோனில் கத்துவதை முதல்முறை கேட்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். சித்திக்குச் செருப்புக் கடையில் வேலை. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். எங்கள் கல்யாணத்தன்று சபை நடுவே, "மாப்பிள்ளைக்கு ஷூ ஒரு சைஸ் சின்னது, அதான் மூஞ்சி அப்படி இருக்கு" என்றாள். உண்மைதான், அன்று கால் கடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கல்லீரலில் புற்று. மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் டாக்டர் சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு, "பார்க்கணும்னு இருக்கறவங்க வந்து பார்த்துடட்டும்" என்று சொல்லிவிட்டார். நகரத்தின் மறுகோடியில் ஆஸ்பத்திரி. மனைவி சனிக்கிழமை வகுப்புகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்பக் காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வகுப்புக்கு வந்தார். வெளியே மழை, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் இருமினார். "அலர்ஜி மேடம், தூசி ஒத்துக்காது" என்றார். மழையில் ஏது தூசி? வெள்ளிக்கிழமை மாலை என் மனைவிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கொரோனா பரிசோதனைக் கருவியை வாங்கி வந்தேன். கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கோடு, நோய் இருக்கிறது என்பதற்கு இன்னொரு கோடு. இரண்டும் பளிச்சென்று வந்து நின்றன.

அவள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலில் சூப்பை வைத்துவிட்டுத் தட்டிவிட்டு நகர்வேன். "இதுக்குப் பேரு சூப்பா?" என்று உள்ளிருந்து குரல் வரும். வாசனையே தெரியாதவளுக்கு என் சமையலில் குறை மட்டும் எப்படித் தெரிந்ததோ! காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. கோடுதான் விடவில்லை. அவளோ குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். சித்தியோடு ஃபோனில் முகம் பார்த்துப் பேசுவாள். பேச்சு நடுவிலேயே சித்தி தூங்கிப்போவாள். தூங்கும் முகத்தை வைத்துக்கொண்டு இவள் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குப் பயமாக இருந்தது. இவள் போய்ப் பார்ப்பதற்குள் அது நடந்துவிட்டால் இவளை நான் எப்படித் தேற்றுவேன் என்று தெரியவில்லை.

அப்புறம் ஒரு காலை, அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "கோடு போயிடுச்சு!" என்று கத்தினாள். கருவி ஒரு தட்டில் வெளியே வந்தது. கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் ஓடிவந்து பார்த்து, "ஆமாம்மா, ஒண்ணுதான் இருக்கு" என்றாள். அதைப் படம் பிடித்துச் சித்திக்கு வேறு அனுப்பிவிட்டாள். சித்தி உடனே கூப்பிட்டாள். குரல் தேய்ந்திருந்தாலும் அதிகாரம் தேயவில்லை.

"கோடெல்லாம் ஒண்ணும் இல்ல. சித்தி சொல்றேன், கிளம்பி வா."

மனைவி கதவிடுக்கில் என்னைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க பார்த்துச் சொல்லுங்க."

தட்டை ஜன்னல் ஓரம் எடுத்துப்போனேன். ஒரு வாளி வெள்ளையில் ஒரே ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு கோடு. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். பாழாய்ப்போனது அங்கேயேதான் இருந்தது.

"இருக்கு" என்றேன்.

"இல்லைன்னு சொல்லுங்க."

"இருக்கும்மா."

"உங்க கண்ணுல கொள்ளிய வைக்க!" என்று கதவை அறைந்து சாத்தினாள். மகள் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்கும் என்மேல் ஆத்திரம்தான். ஒரு பொய், ஒரே ஒரு சொல், என்ன குறைந்துபோயிருக்கும்?

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கதவில் காதை வைத்தேன், மறைப்பானேன்.

"சித்தி, நான் இன்னிக்கு வரலடி. கோடு லேசா இருக்காம்."

"யாரு சொன்னா, அந்தப் பெயிண்ட் டப்பாவா?" சித்தி ஸ்பீக்கரில் இருந்தாள். "சாகப்போறவளுக்குச் சளி புடிச்சா என்னடி ஆயிடும்? வா சொல்றேன்."

"உனக்கு ஒண்ணும் ஆகாது. உன் ரூம்ல இன்னும் மூணு பேர் இருக்காங்கல்ல? பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு?"

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, திரும்பிப் பார்த்தாள் போலிருக்கிறது.

"அந்தம்மா அடுத்த வாரம் வீட்டுக்குப் போறா" என்றாள் சித்தி கடைசியில். "மகளுக்கு இது ஒன்பதாம் மாசமாம். அதையே பேசிப் பேசி என் உசிர வாங்கறா."

"அப்போ நான் எப்படிடி வர்றது?"

"சரி, வராதே. கோடு போனப்புறம் வா. நான் இருக்கேன்."

"இருப்பியா?"

"இருக்கேன்னு சொன்னேன்ல. சித்தி பேச்சைக் கேட்டுப் பழகு."

என் மனைவி அழுதது கேட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு நானும் அழுதேன். அதன்பின் அவளாகவே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு நர்ஸிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "நல்ல வேளை சொன்னீங்க அக்கா, நாங்க பக்கத்துலயே இருக்கோம்" என்று அந்தப் பெண் சொன்னதாக மகளிடம் மட்டும் சொன்னாள். என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. சூப் கிண்ணம் மட்டும் காலியாகித் திரும்பி வந்தது.

மறுநாளும் கோடு இருந்தது. அதற்கு மறுநாள் சித்தி ஃபோனை எடுக்கவில்லை. சித்தப்பா எடுத்தார். நேற்றிலிருந்து பேச்சே இல்லை, கண்ணைத் திறந்து பார்க்கிறாள், மறுபடி மூடிக்கொள்கிறாள் என்றார்.

கருவி வெளியே வந்தது. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோரம் பார்த்தேன், கோடு தெரியவில்லை. விளக்கடியில் பார்த்தேன், தெரியவில்லை. ஆனால் இந்த முறை என் கண்ணையே எனக்கு நம்ப முடியவில்லை. இருக்கக் கூடாது என்று இவ்வளவு ஆசைப்படுகிறவனின் கண்ணுக்கு என்ன உத்தரவாதம்? "இன்னொண்ணு எடு" என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வெறும் வெள்ளை. என் தொழிலில் அவ்வளவு அழகான வெள்ளையைப் பார்த்ததில்லை.

"இல்ல. நிஜமா இல்ல. கிளம்பு."

அவள்தான் ஓட்டினாள். ஒரு சிக்னலையும் தாண்டவில்லை, யாரையும் முந்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் போ போ என்று மனசுக்குள் விரட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தன் பங்குக்கு ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் எந்த எதிரிக்கும் தரமாட்டேன். "போங்க அக்கா, ஒரு ஆள் மட்டும்" என்றாள். முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு மனைவி உள்ளே போனாள்.

வெளியே பெஞ்சில் நானும் சித்தப்பாவும். அவர் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதை எல்லாம் சித்தியே பேசிவிடுவாள், பாவம். பாதி திறந்திருந்த கதவு வழியாக என் மனைவியின் குரல் மட்டும் வந்தது. எதிர்ப்பேச்சு இல்லாமல் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பேச்சு நின்றது. பிறகு ஒரு குரல், காகிதம் உரசுவதுபோல.

"எவ்ளோ நேரம்டி... ஆள் வர்றதுக்கு?"

சித்தப்பா சட்டென்று எழுந்துவிட்டார். "பேசறா" என்றார். என் கையைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். "மாப்பிள்ளை, பேசறா!"

உள்ளே சண்டை ஆரம்பமாகியிருந்தது. இவள் நாலு வார்த்தை சொன்னால் அவள் ஒன்று சொன்னாள். அந்த ஒன்றுக்கு இவள் சிரித்தாள். பக்கத்துப் படுக்கையிலிருந்து யாரோ கூடச் சிரித்தார்கள். நர்ஸ் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுந்தாள், என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

பார்வையாளர் நேரம் முடிந்து என் மனைவி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நேரே என்னிடம் வந்து நின்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு எனக்கென்று அவள் பேசிய முதல் பேச்சு அது.

"நாளைக்கும் வரச் சொல்லியிருக்கா. லேட்டா வந்தா பேசமாட்டாளாம்."