அக்கா கல்யாணத்துக்கு நான் எடுத்த எழுத்து

தடித்த எழுத்தில் அச்சடித்த தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலை ஓட்டினால், எழுத்துகள் கம்பு மணிபோல வரிசையாகத் தட்டுப்படும். அதை நான் முதன்முதலில் தடவிப் பார்த்தது யுத்தக் காலத்தில், பன்னிரண்டு வயதில், அரியலூரில் ஓர் அச்சுக்கூடத்தில். அக்காவுக்குப் பெரம்பலூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்திருந்தது. வெற்றிலை பாக்கு வைத்து வாயால் அழைப்பதுதான் எங்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டதால், செந்துறைப் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே பள்ளிக்கூடம் போன ஒரே ஆளான என் தலையில் அந்த வேலை விழுந்தது. "எழுத்துப் படிச்சவன் நீ, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வாசகத்தை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தேன். மங்களகரமான, சுற்றமும் நட்பும் சூழ என்று எனக்குத் தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் அதில் இறக்கி, அடியில் யாருக்கும் தெரியாமல் என் பெயரையும் சேர்த்திருந்தேன். அச்சுக் கோப்பவர், பூவும் கொடியும் சுற்றிய எழுத்துகளெல்லாம் ஒரு மிராசுதார் வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும் ஒரு வாரம் பொறுக்கும்படியும் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை ஏது? மாதிரித் தாளில் கன்னங்கரேலென்று நின்ற தடித்த எழுத்து தாலுகா ஆபீஸ் நோட்டீஸைப்போலக் கம்பீரமாகத் தெரிந்தது. அதில் விரலை வைத்தேன். "தம்பி, அது வேற காரியத்துக்கு எடுக்கிறது" என்று அவர் இழுத்தார். படிக்கத் தெளிவாக இருக்கிறதே என்று வாதாடி ஜெயித்தேன்.

அடித்து வந்த பத்திரிகையில் ஒரு பிழை இல்லை. அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பிறகுதான் பத்திரிகை வெளியே போக வேண்டும். ஆனால் எங்கள் தெரு வண்டிக்காரர் ஒருவர் அரியலூரிலிருந்தே பெரம்பலூர்ப் பக்கம் போவதைக் கண்டதும், என்ன தாளென்றுகூடச் சொல்லாமல், மாப்பிள்ளை வீட்டில் சேர்க்கச் சொல்லி ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டேன்.

அங்கே நடந்ததை மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து சொன்னார். கொடுத்த வண்டிக்காரருக்கும் படிக்கத் தெரியாது, வாசலில் வாங்கிய மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் மஞ்சள் படாத தாளில் அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்ததுமே அந்த அம்மா அது "கருமாதிக் காயிதம்" என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்திதான் அந்த எழுத்தில் வரும்; வந்த தாளை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே அதை நாலாகக் கிழித்துப் போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எங்கள் வீட்டில் போனது யார் என்று கேட்டு அழுதிருக்கிறார். படித்த ஒருவர் துண்டுகளை ஒட்டவைத்துப் படித்துச் சொன்ன பிறகு அழுகை நின்று பயம் வந்துவிட்டது. மகன் கல்யாணப் பத்திரிகையைத் தன் கையாலேயே கிழித்துவிட்டாரே! "அண்ணிக்கு மனசு ஒப்பல. இதோட நிறுத்திக்கலாம்னு சொல்லச் சொன்னாங்க" என்றார் சித்தப்பா. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுபோயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாளே அப்பா இன்னொரு பத்திரிகையோடு என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அவர் சொன்னபடி நான் முற்றத்தில் நின்று ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவான அந்த அத்தை தாளை வாங்கிப் பார்த்தார்.

"சொல்றது என்னவோ கல்யாணந்தான் அண்ணே. மூஞ்சியப் பாருங்க, அழுவுது."

எழுத்து வாசனையே இல்லாத அப்பா எட்டிப் பார்த்தார். "ஆமாம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் நானும் படிக்காமல் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றோடொன்று தோளை இடித்துக்கொண்டு, பாடையைச் சுற்றி நிற்கிறவர்களைப்போல நின்றன.

"சிரிக்கிற எழுத்துல கொண்டாங்க, அப்புறம் பேசுவோம்" என்றார் அத்தை.

அச்சுக்கூடத்தில் மிராசுதார் வேலையிலிருந்து எங்களுக்காகக் கழற்ற முடிந்த பூ எழுத்துகள் ஒரு கைப்பிடிதான் தேறின. என் வாசகம் அதற்குள் அடங்கவில்லை. மங்களகரத்தை அடித்தேன், சுற்றத்தையும் நட்பையும் அடித்தேன், கடைசியில் என் பெயரையும் அடித்தேன். மிஞ்சியவை இரண்டு பெயர், ஒரு நாள், ஓர் ஊர், "எல்லாரும் வாங்க". கொம்பும் சுழியும் கொடிவிட்டு மேலே ஏறிய அந்த எழுத்துகளில் அதுவே ஒரு வீடு நிறைய ஆள் வந்ததுபோல இருந்தது. அத்தை அதை வாசலில் வாங்கினார். யாரையும் படிக்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். அக்கா கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

இப்போது அக்காவின் ஊரில் முதியோர் பள்ளி வந்துவிட்டது. அந்த அத்தையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். போன மாதம் நான் அங்கே இருந்தபோது ஒரு பத்திரிகை வந்தது. அதே கறுத்துத் தடித்த எழுத்து. அத்தை அதன் மூஞ்சியைப் பார்க்கவில்லை; விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். "கல்யாணந்தான் போட்டிருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, அதை உள்ளே கொண்டுபோய்ச் சாமி படத்தில் சொருகினார்.